அப்பா அனுப்பிய டும் டும் பெட்டி

சமாதானம் என்ற பெயரில் நாலைந்து வருடம் ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டது. பிறகு திரும்பவும் சண்டை தொடங்கிவிட்டது. நான் சொல்லப்போவது அந்த வருடத்தில், திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் சின்ன ஒழுங்கையில் நடந்தது. அப்போது வீட்டில் நானும் முதலாம் ஆண்டு படிக்கும் ஆறு வயது மகளும் மட்டும்தான். கணவருக்குக் கட்டாரில் வேலை. நான் டவுனில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன்.

என் கணவருக்குப் பாட்டு என்றால் பைத்தியம். கல்யாணம் முடித்த புதிதில் வெளிநாடு போய் முதல்தரம் வந்தபோது, ஒரு பெரிய ரிசீவர் செட்டும் இரண்டு ஸ்பீக்கரும் தூக்கிக்கொண்டு வந்தார். ஹோம் தியேட்டராம். அந்த முறை எனக்கு ஒரு சேலை, செட்டுக்கு இரண்டு உறை. அதன் தலையில் தூசி விழுந்தால் எனக்குத்தான் பேச்சு விழும். அவர் திரும்பிப் போன பிறகும் அது முன் அறையில் மாப்பிள்ளை மாதிரி அமர்ந்திருந்தது.

அதில் ஒரு குறை இருப்பதாக அவர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடிச்சத்தம் போதாதாம். கட்டாரில் சப்வூபர் என்று ஒரு பெட்டி விற்கிறார்களாம். தனியாக மின்சாரத்தில் ஓடி, மேள அடியை மட்டும் நெஞ்சில் இடிக்கிற மாதிரித் தருமாம். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. வெள்ளி பின்னேரம் போன் வந்தால் மகளுக்கு முதல் உரிமை. அவரும் அவளிடம், "அப்பா ஒரு பெட்டி அனுப்புறன். அது வந்துதெண்டால் வீடு முழுக்க டும் டும் எண்டு அதிரும், பாருங்கோவன்" என்பார். அவள் குதிப்பாள். பெட்டி வெளிக்கிட்டதா, கப்பலில் ஏறிவிட்டதா என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பாள். டும் டும் பெட்டி என்று பெயரும் வைத்துவிட்டாள்.

பெட்டி கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கே கிடந்து, பிறகு லொறியில் ஏறி வருவதற்குள் நாடு மாறிவிட்டது. சோதனைச் சாவடிகள் எல்லாவற்றிலும் அதைப் பிரித்தார்களாம். கறுப்புப் பெட்டி, தூக்க ஏலாத பாரம், உள்ளே வயர். அந்த நாட்களில் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? லொறிக்காரர் அதை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, இனிமேல் இப்படிச் சாமான் அனுப்ப வேண்டாம் என்று உங்கள் மனுசனிடம் சொல்லுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அது வந்த கிழமையேதான் துறைமுகக் குடாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஷெல் அடி தொடங்கியது. சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வரும். நிலம் ஒரு உதறு உதறும். பிறகு யன்னல் கண்ணாடிகள் நடுங்கும். குசினியில் தட்டுகள் ஒன்றோடொன்று முட்டும். வீடு முழுக்க டும் டும் என்று அதிர்ந்தது. நான் பெட்டியைப் பிரிக்கவேயில்லை. ஊரே ஆடும்போது வீட்டை ஆட்ட வேறு ஒரு பெட்டியா என்று போனில் கணவரைப் பிடித்துக் கொஞ்சம் ஏசினேன். பெட்டியைச் செட்டுக்குப் பக்கத்தில் தள்ளி, மேலே ஒரு சீலைத் துண்டைப் போட்டு மூடினேன்.

மகள் மாறிப்போனாள். சத்தம் கேட்டதும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஓடிவிடுவாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே என்று நினைத்தேன். ஆனால் சத்தம் நின்ற பிறகும் அவள் வெளியே வருவதில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நாட்களிலும் போகமாட்டேன் என்றாள். சோறு மேசைக்குக் கீழே போனது. தலையணையும் போனது. அதையெல்லாம் விட என்னை வருத்தியது இன்னொன்று. அவள் அப்பாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

போன் மணி அடித்தால் முன்பு எனக்கு முன்னால் ஓடுகிறவள், இப்போது மணி கேட்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். காதை அல்ல, வாயை. நான் போன் ரிசீவரைக் கொண்டுபோய்க் காதில் வைத்தால் தள்ளிவிடுவாள். ஏனம்மா, அப்பாவோடு கோபமா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவாள். அங்கே அவர், "பிள்ளை எங்க? ஒருக்கால் குடுங்கோவன்" என்று கெஞ்சுவார். நித்திரை என்பேன், குளிக்கிறாள் என்பேன். எத்தனை வெள்ளிக்கிழமைக்கு ஒரு பிள்ளை குளித்துக்கொண்டிருக்கும்? அவருக்கும் விளங்கிவிட்டது. பிள்ளை தன்னை மறந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு நாள் போனில் அழுதார். கல்யாணம் முடித்து அதுவரை நான் அவர் அழுது கேட்டதில்லை.

அந்த நேரம்தான் பக்கத்து வீட்டுக்கு, குடாவுக்கு அந்தப் பக்கம் உள்ள மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் இடம்பெயர்ந்து வந்தது. அந்த வீட்டு அக்காவின் தங்கையும் கணவரும் கைக்குழந்தையும். அவர்களுடைய வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்து, உடுத்த உடுப்போடு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கலங்கல் என்பதால் அந்தத் தங்கை எங்கள் கிணற்றுக்கு வருவார். தலையில் முக்காடு, இடுப்பில் பிள்ளை, கையில் வாளி. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் சிரிப்பார். வீடு போன ஒருவருக்கு எங்கிருந்து அந்தச் சிரிப்பு வருகிறது என்று நான் யோசிப்பேன்.

ஒரு பின்னேரம் அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு நிற்கும்போதே அடி தொடங்கியது. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, மேசைக்குக் கீழே என் மகளுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டார். நான் குசினி வாசலில் சுவரோடு ஒட்டி நின்றேன். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் மகளின் குரல் கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளாக வாய் திறந்து கதைக்கிறாள்.

"அன்ரி, உங்கட வீட்டுக்கும் பெட்டி வந்ததோ?"

"என்ன பெட்டி மகள்?"

"டும் டும் பெட்டி. தம்பியின்ர அப்பா அனுப்பினவரோ?"

அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மகள் அவருடைய முக்காட்டுக்குள் வாயை வைத்து இன்னும் ஏதோ சொன்னாள். அதை அவர் பிறகு கிணற்றடியில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம், சொன்னால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், போனில் கதைத்தால் அவங்களுக்குக் கேட்கும் என்றாளாம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத்தான் இப்படியெல்லாம் யோசனை போகும். அப்பா சொன்ன பெட்டி வந்தது. அவர் சொன்னபடியே வீடு அதிர்ந்தது. ஊரில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவதைப் பற்றிப் பெரியவர்கள் குசுகுசுப்பது அவள் காதிலும் விழுந்துதானே இருக்கும்? இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்த்து, தன் அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். மேசைக்குக் கீழே காவலிருந்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் கோபம் என்றும் மறதி என்றும் நினைத்துக்கொண்டிருந்தோம். அன்று கிணற்றடியில் நான் வாளியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை சொல்லி மாளாது.

பெட்டியைத் தூக்கி எறிந்துவிடப் போகிறேன் என்றேன். மூதூர்த் தங்கை வேண்டாம் என்றார்.

"எறிஞ்சிங்கண்டா அக்கா, அது குத்தம் செஞ்ச பெட்டிதான் எண்டு புள்ள முடிவு கட்டிரும். ஓடவச்சுக் காட்டுங்க. பெட்டிட சத்தம் எது, மத்தச் சத்தம் எது எண்டு அவவே பாக்கட்டும்."

அடுத்த வெள்ளி போன் வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைச் செட்டோடு பூட்டலாம், இப்போதே பூட்டலாம் என்றார் அவர். பிரித்துப் பார்த்தால் கரண்ட் வயரைத் தவிர பெட்டியோடு வந்தது ஒரேயொரு வயர், நுனியில் ஒற்றை ஊசி. செட்டுக்குப் பின்னால் சப் என்று எழுதிய ஓட்டை இருக்கும், அதில் குத்துங்கள் என்றார். டோர்ச் அடித்துத் தேடினேன். சிவப்பு ஓட்டை, வெள்ளை ஓட்டை எல்லாம் இருந்தன. அப்படி ஒன்று மட்டும் இல்லை. செட் பழையது. அதைச் செய்தவர்கள் இப்படியொரு பெட்டியைப் பற்றிக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். அவர் பெட்டியின் அழகைப் பார்த்து வாங்கினாரே தவிர, வீட்டில் இருக்கிற செட்டின் வயதை யோசிக்கவில்லை. ஆம்பிளையள் சாமான் வாங்கினால் இப்படித்தான் என்றேன். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

கிழமை நடுவில் திரும்பப் போன் எடுத்தார். அறையில் கூட இருப்பவர்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயரைப் பெட்டிக்குள்ளால் சுற்றி எடுக்க வேண்டுமாம். செட்டிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஸ்பீக்கர்களுக்கு. பெட்டி தனக்கு வேண்டிய அடிச்சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுமாம். அதற்கு இரட்டை வயர் கொஞ்சம் வாங்கி வைக்கச் சொன்னார். வேலை முடிந்து வரும்போது வாங்கி வந்து, நுனிகளைக் குசினிக் கத்தியால் சீவி வைத்தேன்.

வெள்ளி வந்தது. போன் வாசல் பக்கச் சுவரில், சாப்பாட்டு மேசைக்குக் கிட்ட; செட் எதிர் மூலையில். வயர் எட்டாது. ஆகவே மூதூர்த் தங்கையைப் போனடியில் நிறுத்தினேன். அவருக்கோ கூச்சம். அறிமுகமில்லாத ஆம்பிளையின் குரல். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்வதைக் கேட்டு எனக்குச் சொன்னார். முதலில் எல்லாப் பிளக்கையும் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. பிறகு செட்டில் இருக்கும் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, பெட்டியில் அவுட் என்று போட்ட கிளிப்புகளில் கொழுவச் சொன்னார். புது வயரைச் செட்டிலிருந்து இன் என்று போட்ட கிளிப்புகளுக்குக் கொண்டுவரச் சொன்னார். நான் நிலத்தில் படுத்துக்கிடந்து, வலது எது இடது எது என்று திண்டாடினேன்.

"செவப்பச் செவப்போடயாம், கறுப்பக் கறுப்போடயாம்" என்றார் தங்கை. "வயர்ல கோடு போட்டது செவப்புக்காம். கையக் கவனமா வெக்கட்டாம். அதோட இன்னொண்டும் சொன்னாரு, அத நான் சொல்லமாட்டன்."

மூலையில் கிடந்த எனக்கு முகம் சுட்டது. மேசைக்குக் கீழேயிருந்து மகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி வேலையில் தங்கை, ஐயோ என்ட புள்ள அழுகுது, பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வருகிறேன் என்றார். எனக்கு ஒரு அழுகையும் கேட்கவில்லை. அவர் மேசையடியில் குனிந்து, "மகள், இத ஒருக்காப் பிடிங்க. கதைக்க வேணாம். கேட்டு உம்மாக்குச் சொன்னாச் சரி" என்று ரிசீவரை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் வயரோடு மல்லுக்கட்டுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய குரல். "இடது பக்கம் முடிஞ்சுதோ எண்டு கேக்கினம்."

கேக்கினமாம், அதாவது கேட்கிறார்களாம். யாரோ மூன்றாம் மனிதர் மாதிரி. அப்பா என்று சொல்லக்கூடாது, அவங்களுக்குக் கேட்டுவிடும். முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ குஞ்சு என்றேன். அவள் சொல்லவில்லை. ரிசீவரில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அங்கே அவருக்கு அந்தத் தட்டிலேயே ஆள் யாரென்று விளங்கிவிட்டதாம். பிள்ளை மிரண்டுவிடுவாள் என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல், வேலையை மட்டும் சொல்லிக்கொண்டே போனார். அவளும் ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னாள். கடைசியில் இரண்டு பிளக்கையும் போட்டு, ஒரு பாட்டைப் போட்டேன். ஸ்பீக்கர் பாடியது. பெட்டியில் சின்னதாகப் பச்சை வெளிச்சம், ஆனால் சத்தமில்லை.

"குமிழைத் திருப்ப வேணுமாம்" என்றாள் மகள். பிறகு குரல் இறங்கியது. "என்னைத்தான் திருப்பட்டாம்."

பயந்து பயந்து மேசைக்குக் கீழேயிருந்து வந்தாள். ரிசீவரைக் கதிரையில் வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினாள். நான் குமிழைக் காட்டினேன். ஒரு விரலால் தொட்டுத் திருப்பினாள். டும் என்றது. கையை எடுத்துக்கொண்டு என் மடியில் விழுந்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் பொறுத்து அவளே எழும்பிப் போய்க் குறைத்தாள். நின்றது. கூட்டினாள். வந்தது. குறைத்தாள். நின்றது. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓடிப்போய் ரிசீவரை எடுத்தாள். கதைக்கக்கூடாது என்ற கட்டளை மறந்துபோயிற்று.

"கொஞ்சமோ, கனக்கவோ?"

அப்பாவிடம் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. எவ்வளவு விருப்பமோ அவ்வளவு என்றாராம் அவர். அவள் ஓடிவந்து ஒரே திருப்பாகக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டாள். யன்னல் நடுங்கியது. தட்டுகள் முட்டின. நான் பாய்ந்து குறைப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா, ஷெல் அடி என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருக்கும் அடையாள அட்டைப் பையையும் தூக்கிக்கொண்டு எங்கள் முற்றத்தில் நின்றார். அந்த நாட்களில் ஓடுவதற்கு ஆயத்தமாக எல்லா வீட்டிலும் அப்படியொரு பை இருந்தது. அவருக்குப் பின்னால் தங்கை, முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் பிள்ளை இல்லை. அது அங்கே நல்ல நித்திரையாம். போன நேரம் தொடக்கம் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். இல்லை. அன்று போன் வைத்த பிறகு மகள் திரும்பவும் மேசைக்குக் கீழே போய்விட்டாள். அடுத்த வெள்ளி மணி அடித்தபோது வாயைப் பொத்தவில்லை, ஆனால் கிட்ட வரவுமில்லை. ஏதோ யோசனையில் இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது அடி தொடங்கியது. அன்று அடித்தது போல அதுவரை அடித்ததில்லை. அவளை இழுத்துக்கொண்டு நானும் மேசைக்குக் கீழே போனேன். அவள் என் கைக்குள் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு வழுக்கிக்கொண்டு வெளியே போனாள். சட்டையைப் பிடித்தேன், நிற்கவில்லை. நிலத்தில் தவழ்ந்தபடியே போய்ப் பெட்டியின் மேல் கிடந்த சீலையை இழுத்தாள். முதலில் பிளக்கைப் பார்த்தாள். அது சுவரிலிருந்து கழன்று நிலத்தில் கிடந்தது. பச்சை வெளிச்சம் இல்லை. பிறகு பெட்டியின் முன் பக்கத் துணியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் வா வா என்று கத்துகிறேன், அவள் அசையவில்லை. அடுத்த அடி விழுந்தது. வீடு குலுங்கியது. அவள் கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பெட்டி சும்மாதான் இருக்கு. இது அப்பா இல்லை."

திரும்பத் தவழ்ந்து வந்து என் மடிக்குள் புகுந்து, பெரிதாக, வாய்விட்டு அழுதாள். அடி தொடங்கிய நாள் முதல் அதுவரை அவள் சத்தம் போட்டு அழுததேயில்லை. நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். வெளியே அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அந்த வெள்ளி போன் மணி முழுதாக ஒரு தரம் அடிக்கவில்லை. அவள் கதிரையில் ஏறி ரிசீவரை எடுத்துவிட்டாள். யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்பது போல உரத்த குரலில் சொன்னாள்: "அப்பா, நீங்கள் பயப்பிடாதேங்கோ. அது உங்கட பெட்டி இல்லை. நான் கை வைச்சுப் பார்த்தனான்."

மறுமுனையில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவள்தான், "அப்பா, லைனில நிக்கிறியளோ, லைனில நிக்கிறியளோ" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

மூதூர்த் தங்கை சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். போகும்போது மகளின் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டு, பெட்டியையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பிறகு அவரைக் காணக் கிடைக்கவில்லை. சண்டை அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தது, மகள் அதற்குப் பிறகும் மேசைக்குக் கீழே ஓடினாள். இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. வாணவெடி வெடித்தால் இன்றைக்கும் திடுக்கிட்டு, ஊரோடு வந்துவிட்ட அப்பாவின் பக்கத்தில் போய் நிற்பாள். அப்படி அவள் போய் நிற்கும் ஒவ்வொரு தரமும், அந்தச் சத்தங்களை நிறுத்த எங்களால் ஏலாமல் போனாலும், அவற்றுக்குள்ளிருந்து அவளுடைய அப்பாவை மீட்டெடுக்க இரண்டு முழ வயரும், பிள்ளை அழுகிறது என்று ஒரு தாய் சொன்ன பொய்யும் போதுமாயிருந்ததே என்று என் மனம் நிறைந்துபோகும்.